பெங்களூரில் வீடு வாங்கும் முன்: "விலை இறங்காது" என்பதை எப்படிச் சோதிப்பது?

பெங்களூருக்கு வேலைக்கு வந்து ஓரிரு வருடம் ஆனதும் ஒரு கேள்வி துரத்த ஆரம்பிக்கும்: "இன்னும் வாடகையா கட்டிக்கிட்டு இருக்க?" ஆபீஸ் கேன்டீனில் கேட்பார்கள், ஊரிலிருந்து அப்பா போனில் கேட்பார். சனிக்கிழமை சர்ஜாபூர் ரோட்டுக்கு சைட் பார்க்கக் கார் அனுப்புகிறோம் என்று முன்பின் தெரியாத நம்பரிலிருந்து கூப்பிடுவார்கள். வாங்குவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு முன் எந்தெந்த நம்பிக்கைகளைக் கணக்குப் போட்டுச் சோதிக்க வேண்டும், எந்த வரிசையில் என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 2005 ஜூலையில், அப்போது அமெரிக்க அதிபரின் பொருளாதார ஆலோசனைக் குழுத் தலைவராக இருந்த பென் பெர்னான்கி, நாடு முழுக்கச் சேர்ந்தாற்போல வீட்டு விலை இறங்கியது கிடையாது என்று ஒரு டிவி பேட்டியில் சொன்னார். அடுத்த வருடமே விலை உச்சியைத் தொட்டுத் திரும்பியது. 2012க்குள் அமெரிக்கச் சராசரி கால் பங்குக்கு மேல் இறங்கிவிட்டது. லாஸ் வேகாஸில் பாதிக்கு மேல்.

பெரிய படிப்புப் படித்தவர்களே சறுக்கினது எங்கே? வீட்டுக் கடன்களை மூட்டையாகக் கட்டிப் பத்திரங்களாக விற்றவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஃபுளோரிடாவில் நாலு பேர் தவணை தவறினாலும் கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் கட்டிவிடுவார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் தவறமாட்டார்கள் என்று. அதை நம்பித்தான் தர நிர்ணய நிறுவனங்கள் டிரிபிள் ஏ, அதாவது மிகப் பாதுகாப்பானது, என்று முத்திரை குத்தின. ஆனால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரித் தளர்வாகத்தான் கடன் கொடுத்திருந்தார்கள். வாங்கினவர்களில் பலரும் விலை ஏறியதும் மறுகடன் வாங்கிச் சமாளிக்கலாம் என்றே இருந்தார்கள். விலை நின்றது, எல்லாரும் சேர்ந்தே தவறினார்கள். 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய அமெரிக்க முதலீட்டு வங்கி திவால் மனு போட்டது.

"அதெல்லாம் அமெரிக்கா சார், இங்கே அப்படி நடக்காது" என்பார்கள். ஓரளவு உண்மைதான். வீட்டு விலையில் எவ்வளவு பங்குக்குக் கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. சம்பளச் சீட்டோ வேறு வருமானச் சான்றோ கேட்காமல் இங்கே பேங்குகள் பொதுவாக வீட்டுக் கடன் கொடுப்பதில்லை. நம்மூரில் சரிவு வேறு வேஷத்தில் வரும்: வருடக்கணக்கில் விலை நகராமல் கிடக்கும், கட்டடம் பாதியில் நிற்கும், விற்க நினைத்தால் ஆள் கிடைக்கமாட்டார். விளம்பரத்தில் சொல்லும் விலை மட்டும் அப்படியே இருக்கும்.

படி 1: சம்பளமும் வீடும் எதை நம்பி நிற்கின்றன?

இந்தப் படிக்கு மட்டும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கலாம். ஒரு தாளில் எழுதுங்கள்: உங்கள் சம்பளம், மனைவி அல்லது கணவர் சம்பளம், கம்பெனி கொடுத்த ஷேர், வாங்கப்போகும் ஃபிளாட், அதை வாடகைக்கு விட்டால் வரப்போகும் குடித்தனக்காரர். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்தத் தொழிலை நம்பியிருக்கிறது என்று எழுதுங்கள். பெல்லந்தூர், மாரத்தஹள்ளி, ஒயிட்ஃபீல்டு பக்கம் இருக்கிற பெரும்பாலானோருக்கு எல்லா வரியிலும் ஐ.டி. என்றே வரும்.

ஐ.டி.யில் ஒரு மோசமான வருடம் வந்தால் சம்பளம் போகலாம், ஷேர் விழலாம், குடித்தனக்காரர் காலி பண்ணலாம், அதே காம்பவுண்டில் இன்னும் பத்து பேர் ஃபிளாட்டை விற்பனைக்குப் போடலாம். நாலும் ஒரே மாதத்தில். ஃபுளோரிடா, கலிஃபோர்னியா கணக்கு உங்கள் வீட்டு வரவேற்பறையில் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது வெறும் கற்பனை இல்லை. 2020இல் எல்லாரும் வீட்டிலிருந்து வேலை என்று ஊருக்குக் கிளம்பியதும் ஒயிட்ஃபீல்டிலும் அவுட்டர் ரிங் ரோட்டிலும் பி.ஜி.க்கள் காலியாகி வாடகை இறங்கியது. 2022இல் ஆபீஸ் திறந்ததும் அதே தெருக்களில் வாடகை தாறுமாறாக ஏறியது. ஏற்றமும் இறக்கமும் எல்லாருக்கும் சேர்ந்துதான் வருகின்றன.

ஒரு தொழிலையே நம்பியிருப்பதால் வீடு வாங்கவே கூடாது என்று ஆகிவிடாது. கையிருப்பு அதிகம் வேண்டும், அவ்வளவுதான். இருவரும் ஐ.டி. என்றால் ஒரு வருட இ.எம்.ஐ.யும் ஒரு வருட வீட்டுச் செலவும் பேங்கில் தனியாகக் கிடக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒருவர் அரசு வேலையிலோ மருத்துவமனையிலோ இருந்தால் ஆறு மாதம் போதும். மொத்தச் சேமிப்பையும் முன்பணமாகக் கொட்டிவிட்டு, மிச்சத்தை மாதா மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள்தான் இறங்கின விலைக்கு விற்கும் நிலைக்கு வருகிறார்கள். விலை இறங்குவதால் மட்டும் யாரும் வீட்டை இழப்பதில்லை. இறங்கிய நேரத்தில் விற்றே தீர வேண்டிய கட்டாயம் வரும்போதுதான் இழக்கிறார்கள்.

ஓசூர் பக்கம் வாங்கினால் ரிஸ்க் குறையுமா என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. ஓசூரில் வேலை தருவது பெரும்பாலும் தொழிற்சாலைகள், ஆகவே குடித்தனக்காரர் வேறு வகை. ஆனால் உங்களுக்கு அந்த இடத்தை விற்பவர் சொல்லும் காரணம் "பெங்களூர் இங்கே வந்துவிடும்" என்பதாக இருந்தால், நீங்கள் வாங்குவது மறுபடியும் பெங்களூரைத்தான்.

படி 2: வாடகைக் கணக்கு

"வாடகை வீணாகப் போகிற பணம்." சரி, வட்டி எங்கே போகிறது?

ஒரு மாதிரிக் கணக்கு. ஃபிளாட் 90 லட்சம், அதே காம்பவுண்டில் அதே அளவு ஃபிளாட்டின் வாடகை 28,000. நீங்கள் 30 லட்சம் கைப்பணமும் 60 லட்சம் கடனும் போடுகிறீர்கள். ஏழரை சதவீத வட்டியில் முதல் மாத வட்டி மட்டும் 37,500. கைப்பணம் 30 லட்சத்தை ஆறரை சதவீத டெபாசிட்டில் விட்டிருந்தால் மாதம் 16,250 வந்திருக்கும், அதுவும் போச்சு. ஆக மாதம் 53,750. வாடகையைக் கழித்தால் இடைவெளி ஏறத்தாழ 25,750, வருடத்துக்கு மூன்று லட்சம் சொச்சம். 90 லட்சத்தில் அது கிட்டத்தட்ட மூன்றரை சதவீதம்.

அதாவது விலை வருடா வருடம் மூன்றரை சதவீதம் ஏறினால்தான் நீங்கள் வாடகைக்காரரோடு சமமாக நிற்கிறீர்கள். மெயின்டனன்ஸ், சொத்து வரி, பத்திரச் செலவு இன்னும் சேர்க்கவில்லை. சொந்த வீட்டில் இருக்கும் நிம்மதிக்காக அந்த இடைவெளியைக் கொடுக்கலாம், அது நியாயமான ஆசை. ஆனால் அது செலவு என்று தெரிந்து கொடுங்கள். நீங்கள் பார்க்கும் ஃபிளாட்டின் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். வாடகையை புரோக்கரிடம் கேட்காமல் அங்கே குடியிருப்பவரிடம் கேளுங்கள்.

படி 3: ஏறின கதைகளை வருடக் கணக்காக மாற்றுங்கள்

எல்லாருக்கும் ஒரு மாமா இருப்பார், ஏதோ ஒரு காலத்தில் சில ஆயிரத்துக்கு வாங்கிய மனை இன்று கோடி. அந்தக் கதை பொய்யில்லை, ஆனால் அது பாதிதான். எத்தனை வருடம் என்று கேளுங்கள். 60 லட்சத்துக்கு வாங்கி பத்து வருடம் கழித்து 85க்கு விற்றவர் "இருபத்தைந்து லட்சம் லாபம்" என்பார். வருடக் கணக்கில் அது மூன்றரை சதவீதம், மேலே சொன்ன சமநிலைக்குத்தான் வந்திருக்கிறார்.

ஆம்ஸ்டர்டாமில் ஹெரென்கிராக்ட் என்ற கால்வாய்க் கரை வீடுகளின் விலையை 1628இலிருந்து 1973 வரை பீட் ஐக்ஹோல்ட்ஸ் என்ற ஆய்வாளர் தொகுத்தார். ஊரிலேயே நல்ல இடம் அது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் அந்த மூன்றரை நூற்றாண்டில் விலை ஏறக்குறைய இரண்டு மடங்குதான் ஆகியிருந்தது. நடுவில் பல பத்தாண்டுகள் இறக்கம்.

"மனுஷன் பெருகுறான், நிலம் பெருகாது" என்பது அடுத்த வாதம். ஜப்பானை விட நிலத்துக்குத் தட்டுப்பாடான நாடு எது? அங்கேயும் 1980களில் இதையேதான் சொன்னார்கள். 1991இல் உச்சம் தொட்ட பிறகு தேசியச் சராசரி நில விலை ஏறத்தாழ பதினைந்து வருடம் தொடர்ந்து இறங்கியது. இன்னொரு விஷயம், ஃபிளாட் வாங்கும்போது நிலம் உங்களுக்குக் கொஞ்சம்தான் வருகிறது. பிரிக்கப்படாத பங்கு, யூ.டி.எஸ். என்பார்கள், எத்தனை சதுர அடி என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கட்டடம் வருடா வருடம் பழசாகும். உயரமான டவர்களில் அந்தப் பங்கு ரொம்பவே சிறியதாக இருக்கும்.

படி 4: கடனை மோசமான வட்டியில் போட்டுப் பாருங்கள்

பேங்க் எவ்வளவு தரும் என்பதை உங்களால் எவ்வளவு தாங்க முடியும் என்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக் கடன் வட்டி பெரும்பாலும் ரெப்போ விகிதத்தோடு, அதாவது ரிசர்வ் வங்கி பேங்குகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டியோடு, சேர்ந்து ஏறி இறங்கும். 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. பத்து மாதத்துக்குள் இரண்டரை சதவீத ஏற்றம்.

60 லட்சம், 20 வருடம், ஏழரை சதவீதம் என்றால் இ.எம்.ஐ. 48,300 சொச்சம். அதுவே பத்து சதவீதமானால் 57,900. தவணையை மாற்றாமல் பேங்க் காலத்தை மட்டும் நீட்டினால் என்ன ஆகும்? கடன் தொடக்கத்தில் இருக்கும்போது பத்து சதவீதத்துக்கு ஒரு மாத வட்டியே 50,000. நீங்கள் கட்டும் 48,300 வட்டிக்கே போதாது, கடன் ஏறிக்கொண்டு போகும். 2022-23இல் பலருடைய கடன் காலம் ஓய்வு வயதைத் தாண்டி நீண்டதைப் பார்த்துத்தான் 2023 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி ஒரு விதி கொண்டுவந்தது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டும். நிலையான வட்டிக்கு மாற வழி தருவது 2025 அக்டோபர் முதல் பேங்கின் விருப்பம். அந்தக் கடிதமோ மெயிலோ வந்தால் படிக்காமல் விடாதீர்கள்.

ஆகவே இன்றைய வட்டியோடு இரண்டரை சேர்த்து வரும் தவணையை, இருவரில் ஒருவர் சம்பளத்தில் மட்டும் கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் சின்ன வீடு, அல்லது இரண்டு வருடம் கழித்து.

சாவியைக் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் சில மாநிலங்களில் அப்படி வழி இருந்தது. இங்கே இல்லை. தவணை தவறி 90 நாள் ஆனால் வாராக்கடன், 2002இன் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், பிறகு வீடு ஏலம். ஏலத் தொகை போதாவிட்டால் மிச்சத்துக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

கைப்பணம் எவ்வளவு வேண்டும் என்றும் இப்போதே பாருங்கள். கடன் 30 லட்சம் வரை வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 என்பது உச்ச வரம்பு. பத்திரச் செலவு இதில் சேராது. கர்நாடகத்தில் 45 லட்சத்துக்கு மேல் முத்திரைத் தீர்வை 5 சதவீதம். பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் 1இலிருந்து 2 சதவீதமாகிவிட்டது. செஸ், சர்சார்ஜ் சேர்த்தால் ஏழரையைத் தாண்டும். கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால் 5 சதவீத ஜி.எஸ்.டி. தனி. ஓ.சி., அதாவது குடிபுகலாம் என்ற சான்று, வாங்கி முடித்த வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

படி 5: அடுத்தவர் முத்திரையை நம்பாதீர்கள்

"பேங்க் அப்ரூவ் பண்ணின புராஜெக்ட்", "ரேரா நம்பர் இருக்கு." ரேரா என்பது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதன்படி புராஜெக்டைப் பதிவு செய்த எண்தான் அது. இரண்டும் தேவைதான், இரண்டும் போதாது. பேங்க் பார்ப்பது தன் கடன் திரும்ப வருமா என்று. பில்டர் நின்றுபோனாலும் உங்களிடம் தவணை வசூலிப்பதில் அதற்குத் தடை இல்லை. நொய்டா, கிரேட்டர் நொய்டாவில் ஆம்ரபாலி குழுமத்திடம் ஃபிளாட் பதிந்த நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதைத்தான் பட்டார்கள். வாடகையும் இ.எம்.ஐ.யும் சேர்த்துக் கட்டினார்கள். வாங்கினவர்கள் பணம் வேறு இடங்களுக்குத் திருப்பப்பட்டது என்று கண்டு, 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தக் குழுமத்தின் ரேரா பதிவை ரத்து செய்து, கட்டி முடிக்கும் வேலையை அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் கொடுத்தது. கட்டுவதற்கு முன்பே விற்று, அந்தப் பணத்தில் அடுத்த நிலம் வாங்கும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. சீனாவின் பெரிய பில்டரான எவர்கிராண்ட் 2021 டிசம்பரில் கடன் தவறியது, 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் அதைக் கலைக்கச் சொன்னது.

ரேரா சட்டத்தைப் பயன்படுத்தத் தெரிந்தால் நல்ல ஆயுதம். செய்ய வேண்டியவை:

கர்நாடக ரேரா தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு, முடிக்கும் தேதி எத்தனை தடவை தள்ளிப்போயிருக்கிறது என்று பாருங்கள். காலாண்டு அறிக்கைகள் ஒழுங்காக ஏறியிருக்கின்றனவா, அதே பில்டரின் பழைய புராஜெக்ட்கள் மேல் என்ன புகார் இருக்கிறது என்றும் தேடுங்கள்.

பதிவு எண் வராத "ப்ரீ-லாஞ்ச்"சுக்குப் பணம் கட்டாதீர்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் எட்டுக்கு மேல் வீடுகளோடு வரும் புராஜெக்டைப் பதிவு செய்யாமல் விற்கவே கூடாது என்கிறது சட்டம். விலை குறைவு என்பது நீங்கள் சுமக்கும் ரிஸ்க்குக்கான கூலி.

ஒப்பந்தம் பதிவாகாமல் பத்து சதவீதத்துக்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

"கையில் சாவி வரும் வரை இ.எம்.ஐ. பில்டர் கட்டுவார்" என்ற திட்டத்தில் கடன் உங்கள் பெயரில்தான் இருக்கும். பில்டர் நிறுத்தினால் பேங்க் உங்களைத்தான் கூப்பிடும். ஒரேயடியாகத் தவிர்த்துவிடுங்கள்.

படி 6: காகிதமும் தண்ணீரும்

தமிழ்நாட்டில் பட்டா பார்த்துப் பழகியவர்கள் இங்கே கத்தாவைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறார்கள். கத்தா என்பது வரி கட்டுவதற்கான நகராட்சிப் பதிவு, உரிமையைக் காட்டுவது கிரயப் பத்திரமும் தாய்ப்பத்திரமும்தான். விதிமீறல் உள்ள இடங்களை வரிக்காகப் பதிந்து வைப்பது பி கத்தா. "அரசாங்கம் சீக்கிரம் ஏ கத்தாவாக்கிவிடும்" என்று சொல்லி விற்பார்கள். விதிமீறல்களை முறைப்படுத்தும் அக்ரம-சக்ரம திட்டம் 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத் தடையால் நின்றதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாளை வரக்கூடிய சலுகைக்கு இன்று விலை கொடுக்காதீர்கள்.

பதிவுத்துறையிடமிருந்து வில்லங்கச் சான்று எடுங்கள், குறைந்தது முப்பது வருடத்துக்கு. அதில் முந்தைய விற்பனைத் தொகையும் இருக்கும், பேரம் பேச உதவும். ஓ.சி. இல்லாத கட்டடத்தை விட்டுவிடுங்கள். ஓ.சி.யோ முடிப்புச் சான்றோ பார்த்த பிறகே மின்சாரம், தண்ணீர் இணைப்பு என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பல காகிதங்கள் கன்னடத்தில் இருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் கன்னடம் தெரிந்த வக்கீலை நீங்களே பணம் கொடுத்து வையுங்கள். பில்டர் காட்டும் வக்கீல் பில்டருக்குத்தான் வக்கீல்.

தண்ணீரும் விலையைத் தீர்மானிக்கிறது. 2022 செப்டம்பர் மழையில் சர்ஜாபூர் ரோடு, யெமலூர் பக்கம் கோடிக்கணக்கில் விலைபோன வில்லாக்களிலிருந்து மக்களை டிராக்டரிலும் படகிலும் ஏற்றி வந்தார்கள். 2024 கோடையில் போர்வெல் வற்றி டேங்கருக்கு வரிசை நின்றது. அந்த அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கியது, 110 கிராமங்களுக்கு நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர் என்ற திட்டம். நீங்கள் பார்க்கும் கட்டடத்துக்கு இணைப்பு வந்துவிட்டதா என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள், சேல்ஸ் ஆபீஸில் "வந்துடும்" என்றுதான் சொல்வார்கள். பழைய வரைபடத்தில் அருகே ராஜகாலுவே, அதாவது மழைநீர்க் கால்வாய், ஓடுகிறதா என்று பாருங்கள். மழை பெய்த மறுநாள் ஒரு தடவை போய் நில்லுங்கள்.

"மெட்ரோ வருது" என்பதற்கும் இதே கேள்வி. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா போகும் மஞ்சள் பாதை சொன்ன கெடுவைப் பல வருடம் தாண்டி 2025 ஆகஸ்ட்டில்தான் ஓடத் தொடங்கியது. மெட்ரோவை நம்பி வாங்கியவர் அத்தனை வருடமும் சில்க் போர்டு சிக்னலில்தான் நின்றார்.

படி 7: வாங்கும் முன் விற்றுப் பாருங்கள்

பிடித்த ஃபிளாட் கிடைத்ததும் அதே காம்பவுண்டில் விற்பனைக்கு இருப்பவை எத்தனை, எத்தனை மாதமாக என்று பாருங்கள். விற்க முயலும் ஒருவரைப் பிடித்து, கேட்ட விலை என்ன, ஆட்கள் கொடுக்க வந்த விலை என்ன என்று பேசுங்கள். கீழே டீக்கடையில் சொல்லி வைத்தால் ஆள் கிடைத்துவிடுவார். இரண்டு விலைக்கும் நடுவே பதினைந்து சதவீதம் இடைவெளி இருந்தால், உங்கள் பேரம் கீழ் விலையிலிருந்து தொடங்க வேண்டும்.

முடிவு செய்துவிட்டால் டோக்கன் பணத்தை பேங்க் வழியாக மட்டும் கொடுங்கள். கடன் கிடைக்காவிட்டாலோ காகிதத்தில் கோளாறு இருந்தாலோ அது திரும்பி வரும் என்று எழுதி வாங்குங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுப்பதில் ஒரு சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்டுவது உங்கள் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் பிடித்தம் இதைவிடப் பல மடங்கு அதிகம். அதற்கு ஆடிட்டரைப் பார்த்துவிட்டுத்தான் முதல் காசோலையில் கையெழுத்துப் போட வேண்டும்.